வாஞ்சூர் வரைக்கும்தான் சட்டம்

செப்டம்பர் 14, செவ்வாய்

மனுஷி உட்காருவதற்குச் சட்டமன்றம் கூட வேண்டியிருக்கிறது. காலை டீ நேரத்தில் பேப்பரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பெண்கள் படித்தார்கள். கடைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று மசோதா நிறைவேறிவிட்டதாம். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத் தட்டத் தோன்றவில்லை. தெரு நாய்கூட யாரையும் கேட்காமல் படுத்துக்கொள்கிறது. நமக்கு மசோதா வேண்டியிருக்கிறது. சீ என்று இருந்தது.

நான் பொன்னிவளம் சில்க்ஸில் சேர்ந்தபோது இது மெத்தைக் கடை. தரையில் மெத்தை விரித்து, நாங்களும் வாடிக்கையாளரும் எதிரெதிரே சப்பணமிட்டு உட்கார்ந்துதான் வியாபாரம். பெரிய முதலாளி போனதும் மகன் இடித்துவிட்டு நான்கு மாடி கட்டினார். கண்ணாடி, ஏசி, கவுண்டர் எல்லாம் வந்தன. வாடிக்கையாளருக்குக் குஷன் நாற்காலி வந்தது. எங்களுக்கு நிற்பது வந்தது. அலமாரியில் லேசாகச் சாய்ந்தால் போதும், முதலாளி அறையில் கேமராவில் தெரிந்துவிடும். உடனே இன்டர்காம். "என்னம்மா ஜெயக்கொடி, ஒன் செக்சன்ல மூணாம் கவுண்டர் சாஞ்சிருக்கு பாரு." பெண்களின் பெயர் அவருக்குத் தெரியாது. கவுண்டர் நம்பர்தான் பெயர். பட்டுப் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர் என்பதால் என் பெயர் மட்டும் தெரியும்.

மூன்றாம் கவுண்டர் தமயந்தி. இடது கணுக்காலுக்கு மேலே நரம்பு சுருண்டு புண்ணாகி இருக்கிறது. காலுறைக்கு மேலே காலுறை போட்டு மறைத்துக்கொண்டு வருகிறாள். நின்றால் ஆறாது, உட்கார்ந்து செய்யும் வேலை பார், இல்லாவிட்டால் காலுக்கே ஆபத்து என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சீட்டை முதலாளி படிக்கவே இல்லை. இன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"டாக்டரு எழுதிக் குடுத்தது செல்லல. சட்டசபையே எழுதிக் குடுத்துடுச்சு பாத்தீங்களாக்கா," என்றாள்.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணும்டி," என்றேன்.

வீட்டுக்கு வந்து வழக்கம்போல வெந்நீரில் கல்லுப்பு போட்டுக் காலை வைத்தேன். எனக்கு ஒன்றும் இல்லை. பழக்கம்தான்.

செப்டம்பர் 21, செவ்வாய்

சட்ட ஆலோசகர் ஒருவரைக் கும்பகோணத்திலிருந்து வரவழைத்திருந்தார் முதலாளி. டீ கொண்டுபோன என்னை, "நீயும் நில்லும்மா, செக்சன்காரி தெரிஞ்சுக்கணும்," என்றார். நின்றேன். மூன்று நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

ஆலோசகர் பொறுமையாகச் சொன்னார். "கடைகள், நிறுவனங்கள் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேற சார். சென்னையில போட்டது தமிழ்நாட்டுக்கு மட்டும். ஒங்க நாகப்பட்டினம் கடைக்கு உண்டு, காரைக்கால் கடைக்கு இல்ல. அது புதுச்சேரி. அங்க சட்டசபை தனி. அவங்க போட்டாத்தான் அவங்களுக்கு."

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெண்டு லைசென்சு, ரெண்டு லீவுப் பட்டியலுன்னு இத்தன வருசமா அழுதுகிட்டு இருந்தேன். இப்ப சொல்லுங்க, நம்ம சட்டம் எதோட நிக்குது?"

"வாஞ்சூரோட சார். செக்போஸ்ட் தாண்டிட்டா கெடையாது."

முதலாளி முகத்தில் வந்த சிரிப்பை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று யோசித்துக்கொண்டே படி இறங்கினேன். சாயங்காலம் ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரர் சிரிப்பு. சனிக்கிழமை சனிக்கிழமை வாஞ்சூர் போய் விலை குறைவாகக் குடித்துவிட்டு, பாட்டிலாகக் கொண்டுவந்தால் செக்போஸ்டில் பிடிப்பான், வயிற்றில் கொண்டுவந்தால் யார் பிடிப்பான் என்று சிரிப்பாரே, அதே சிரிப்பு. எல்லையால் லாபம் பார்க்கிற ஆண்கள் எல்லோருக்கும் ஒரே வாய்தான் போலிருக்கிறது.

அக்டோபர் 1, வெள்ளி

ஸ்டூல் வந்திறங்கியது. நீல பிளாஸ்டிக். முதுகு சாய இடமில்லை. கவுண்டருக்கு ஒன்று.

முதலாளி எல்லோரையும் கூட்டிப் பேசினார். "கவர்மெண்டு சொல்லுது, நான் குடுத்துட்டேன். தாராளமா உக்காருங்க. ஆனா கஸ்டமர் கண்ணுல படறப்ப எந்திரிச்சுடணும். லட்சுமி வர்றப்ப யாராச்சும் உக்காந்திருப்பாங்களா?"

தீபாவளி மாதத்தில் கஸ்டமர் கண்ணில் படாத நேரம் என்று எது இருக்கிறது? பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தமயந்தி மட்டும் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே புடவை விரித்துக் காட்டினாள், நன்றாகவே காட்டினாள். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டிருந்த ஓர் அம்மாள் என்னிடம் வந்து, "மகாராணி எந்திரிக்க மாட்டாங்களோ?" என்று கேட்டாள். அந்த அம்மாள் அரை மணி நேரமாகக் குஷன் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு எங்கள் ஜூஸைக் குடித்துக்கொண்டிருந்தவள். அவள் காலில் விழுந்து கும்பிடாத குறையாகச் சிரித்து அனுப்பினேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் வாயைக் கொப்பளிக்க வேண்டும் போலிருக்கிறது.

அக்டோபர் 8, வெள்ளி

மாவு புளித்துவிட்டது. மழை. முட்டிக்குக் கீழே துணி கட்டிக்கொண்டு போனேன், ஈரத்துக்கு.

அக்டோபர் 14, வியாழன்

ஆயுத பூஜை. முழுக் கடையையும் கழுவித் துடைத்தோம். கல்லா, பில் மெஷின், மீட்டர் கோல், கத்தரிக்கோல், லிஃப்ட், டெலிவரி வேன் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். எங்கள் மாடியில் பொட்டு வைக்கிறது எப்போதும் நான்தான். எல்லாம் முடிந்தும் கிண்ணத்தில் சந்தனம் மிச்சம் இருந்தது. முதலாளி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டூல்களுக்கும் சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். உட்காரும் இடத்தில், நட்ட நடுவில், பெரிதாக.

ஏன் வைத்தேன் என்று கேட்டால் சந்தனம் மிச்சம் இருந்தது, அவ்வளவுதான். வீணாக்கக் கூடாது.

பொரி, சுண்டல், ஆளுக்கு ஒரு ஆப்பிள். ஆப்பிள் உள்ளே அழுகல்.

அக்டோபர் 16, சனி

கடை திறந்தோம். ஒருத்தியும் உட்காரவில்லை. பூஜையில் வைத்த பொருள், பொட்டு வேறு இருக்கிறது, அதன் மேல் எப்படி உட்காருவது என்று அவர்களாகவே ஸ்டூல்களைச் சுவரோரம் நகர்த்தி வைத்துவிட்டார்கள். தாண்டிப் போகும்போது ஒருத்தி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சட்டமன்றத்தில் இத்தனை பேர் சேர்ந்து கொடுத்த ஸ்டூலை ஒரு விரல் சந்தனம் சாமியாக்கிவிட்டது. நம் ஜனங்களை என்னவென்று சொல்வது? உட்காரச் சொன்னால் கும்பிடுவார்கள்.

முதலாளி கூப்பிட்டுச் சொன்னார்: "ஒனக்கு மூளை இருக்கும்மா ஜெயக்கொடி."

மதியம் தமயந்தி ஈரத்துணியால் பொட்டைத் துடைத்துவிட்டு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். சுற்றி இருந்தவர்கள் பதறினார்கள். "பாவம்டி, நல்லா இருப்பியா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நான் நல்லா இல்லன்னுதான் உக்காந்திருக்கேன்," என்றாள்.

இன்டர்காம் அடித்தது. நான் எடுத்தேன். "அதப் பாரும்மா," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அக்டோபர் 18, திங்கள்

காரைக்கால் கடைக்கு ஓர் ஆள் வேண்டுமாம், யாரை அனுப்பலாம் என்று முதலாளி கேட்டார். ஒரு பெயர் சொன்னேன்.

தோசைக்கல் அடி பிடிக்கிறது. வெங்காயத்தை வெட்டித் தேய்த்துப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 19, செவ்வாய்

மாற்றல் உத்தரவைத் தமயந்தி கையில் கொடுத்தது நான்தான். முதலாளியும் பக்கத்தில் வந்து நின்று, "ஒன் நல்லதுக்குத்தாம்மா. அங்க கூட்டம் கம்மி, ஒனக்கும் கால் சரியில்லைங்கற," என்று உருகினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. அங்கே ஸ்டூல் உண்டா என்று தமயந்தி கேட்டாள். முதலாளி போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். போன் அடிக்கவே இல்லை.

அவளுக்கு வீடு கீழ்வேளூர் பக்கம். இனிமேல் இரண்டு பஸ்.

அக்டோபர் 21, வியாழன்

தொழிலாளர் துறையிலிருந்து ஆய்வாளர் வந்தார். சின்ன வயசு, நல்ல பிள்ளை. சந்தனப் பொட்டோடு வரிசையாக நின்ற ஸ்டூல்களைப் பார்த்தார். "உட்கார விடறாங்களாம்மா? பயப்படாம சொல்லுங்க," என்று பெண்களைத் தனியாக நிறுத்திக் கேட்டார். எல்லோரும் ஒரே குரலில், "விடறாங்க சார்," என்றார்கள். என் குரலும் அதில் இருந்தது.

அவர் மேல் தப்பே இல்லை. கேட்டார். வேறென்ன செய்வார்? பொய் சொன்ன வாய்கள் எல்லாம் எங்கள் வாய்கள். அவர் படி இறங்கின பிறகு ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஓங்கி அறைந்திருப்பேன்.

அக்டோபர் 23, சனி

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று வீட்டுக்காரர் சொல்கிறார். காரைக்கால் கடைக்கு நான் மேனேஜர். திங்கட்கிழமையிலிருந்து.

பட்டுப் பிரிவு முழுவதும் அங்கே போகிறது. "கல்யாணப் பொடவை எடுக்க வர்றவங்க நாலு மணி நேரம் விரிக்கச் சொல்லுவாங்க. இங்க வச்சா இந்தச் சட்டம் நாளைக்கு எதையாச்சும் கேக்கும். பட்டு வாஞ்சூருக்கு அந்தண்ட இருக்கட்டும்," என்றார் முதலாளி. ஒரு ஸ்டூலுக்குப் பயந்து ஒரு மாடியையே மாநிலம் மாற்றுகிறார். அந்தப் புத்தியில் கால்வாசியை மனுஷத்தனத்துக்குச் செலவழித்தால் ஒரு ஸ்டூலோடு போயிருக்கும்.

பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த பதவி. மேனேஜர் அறையில் சுழல் நாற்காலி. ஒன்றும் சாப்பிடப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 25, திங்கள்

நாகூர் தாண்டி, வாஞ்சூர் தாண்டி, திருமலைராயன்பட்டினம் தாண்டி பஸ் போனது. எங்கேயும் ரோடு நிறம் மாறவில்லை. வெயில் ஒரே வெயில்தான். செக்போஸ்டில் தமிழ்நாட்டுப் பக்கம் வரும் வண்டிகளைத்தான் பாட்டில் இருக்கிறதா என்று தடவுகிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்களை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. எதை விட்டுவிட்டுப் போகிறாய் என்றும் கேட்பதில்லை.

சுழல் நாற்காலி நன்றாகச் சுற்றுகிறது.

அக்டோபர் 27, புதன்

தமயந்தி லீவு கேட்டு அறைக்கு வந்தாள். நான்கு பேர் வேலையை இங்கே இரண்டு பேர் பார்க்கிறார்கள். அவள் நடக்கவில்லை, காலை இழுத்துக்கொண்டு வந்தாள். உறையில் மஞ்சளும் சிவப்புமாக நனைந்திருந்தது. வாடை வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வாடைக்காகத்தான் திருப்பினேன்.

"உக்காருடி," என்று எதிர் நாற்காலியைக் காட்டினேன்.

"வாஞ்சூரு தாண்டிட்டோமேக்கா. இங்க ஏது அந்தச் சட்டம்?" என்றாள். நின்றபடியே இருந்தாள்.

"சும்மா பேசாத. உக்காரு."

"அக்கா, முதலாளிக்கு எம்பேரு தெரியாது. மூணாம் கவுண்டருன்னுதான் கூப்புடுவாரு. மாத்தல் ஆர்டருல எங்கப்பா இன்ஷியலோட இருந்துச்சு."

தீபாவளி முடிகிற வரைக்கும் லீவு கிடையாது என்று முதலாளி சொல்லியிருக்கிறார், அதைச் சொன்னேன். சரிக்கா என்று போய்விட்டாள். அவள் நின்ற இடத்தில் தரையில் சின்னதாக ஈரம். ஆளைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொல்லாமல் நானே துடைத்தேன். யாருக்கும் தெரிய வேண்டாம் என்றுதான்.

அக்டோபர் 28, வியாழன்

இன்றைக்கு எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 1, திங்கள்

காரைக்காலில் இன்று புதுச்சேரி விடுதலை நாள். எங்கள் லீவுப் பட்டியலில் இருக்கிறது, ஆளை வைத்துக் கடை திறந்தால் கேள்வி வரும் என்று ஆலோசகர் சொல்லிவிட்டாராம். முதலாளியா விடுவார்? காலையிலேயே வேன் அனுப்பி எங்கள் எல்லோரையும் அள்ளி நாகப்பட்டினம் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார். அங்கே இது வெறும் திங்கட்கிழமைதானே. உட்காரும் சட்டம் இல்லாத ஊரில் எங்களுக்கு வேலை, லீவு இல்லாத ஊரில் லீவு நாள். இரண்டு சட்டமன்றத்திலும் நமக்கென்று போட்டதை எல்லாம் இந்த ஆள் வேன் வைத்து ஏமாற்றிவிட்டார். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த கெட்ட வார்த்தை எதுவும் போதவில்லை.

ஆனால் ஒன்று. இன்றைக்கு ஒரு நாள் தமயந்தி சட்டம் உள்ள ஊரில் இருந்தாள். தன் பழைய கவுண்டருக்குப் போய்ச் சுவரோரம் பார்த்தாள். ஸ்டூல் இல்லை. ஆய்வாளர் வந்துபோன மறுநாளே எல்லாம் கோடவுனுக்குப் போய்விட்டதாம். கூட்டத்துக்கு நடுவே நின்று புடவை விரிக்க ஆரம்பித்தாள். பழுப்பு உறைக்கு மேல் பாலிதீன் பையைச் சுற்றிக் கட்டியிருந்தாள், புடவையில் படக் கூடாது என்று.

மதியம் அட்டைப்பெட்டி எடுக்கிற சாக்கில் கோடவுனுக்குப் போனேன். ஸ்டூல்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன. மேலே இருந்ததில் என் விரல் சந்தனம் காய்ந்து வெடித்து அப்படியே இருந்தது. என் விரல் ரேகைகூடத் தெரிந்தது. பார்க்கப் பார்க்க அருவருப்பாக இருந்தது. சாமி பேரைச் சொல்லி ஒரு பெண்ணின் காலைத் தின்றிருக்கிறேன்.

கக்கூஸ் குழாயடியில் வைத்து, நார் போட்டுத் தேய்த்தேன். சந்தனம் போய்விட்டது. குங்குமம் பிளாஸ்டிக்கில் ஏறிவிட்டது, வட்டமாகக் கறை நிற்கிறது. நகத்தால் சுரண்டியும் போகவில்லை.

மறுநாள் கூட்டத்துக்குச் சரக்கு அடுக்க வேண்டும் என்று சாயங்காலம் எங்களை வேனில் காரைக்காலுக்கே அனுப்பினார்கள். ஏறும்போது ஸ்டூலும் என் கையில் இருந்தது. டிரைவர், "சீட்டு இருக்கேம்மா, ஸ்டூலு என்னாத்துக்கு?" என்றான். பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். தமயந்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை கொட்டியது. வாஞ்சூரில் வண்டியை யாரும் நிறுத்தவில்லை.

நவம்பர் 2, செவ்வாய்

தீபாவளிக்கு முந்தின பெருங்கூட்டம். கடை திறந்து முதல் வாடிக்கையாளர்கள் வந்து உட்கார்ந்ததும், ஸ்டூலை எடுத்துக்கொண்டுபோய்த் தமயந்தியின் கவுண்டருக்குப் பின்னால் போட்டேன்.

"உக்காரு," என்றேன்.

அவள் ஸ்டூலைப் பார்த்தாள். குனிந்து கறையைத் தொட்டுப் பார்த்தாள்.

"கழுவிட்டீங்களாக்கா?"

"கழுவிட்டேன். அவ்வளவுதான் போவுது."

"சரி. மொதல்ல நீங்க உக்காருங்க."

"எனக்கென்னடி, எனக்கு ரூம்ல நாற்காலி இருக்கு."

"ரூம்ல இல்லக்கா. இங்க."

எதிரே கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும் அத்தையும். தலைக்கு மேலே கேமரா. நாகப்பட்டினத்தில் உட்கார்ந்து முதலாளி பார்த்துக்கொண்டிருக்கிற கேமரா. மெத்தை போன நாளிலிருந்து விற்கிற இடத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. தமயந்தி என் காலைப் பார்த்தாள். முட்டிக்குக் கீழே நான் கட்டியிருக்கிற துணி புடவைக்கு அடியில் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. எத்தனை நாளாகத் தெரியும் என்று அவளிடம் கேட்கவில்லை.

உட்கார்ந்தேன். காலில் இருந்து ஏதோ இறங்கிப் போனது. அத்தனை சுகமாக இருந்ததுதான் எனக்கு மிகவும் கேவலமாக இருந்தது. இதற்காகவா இவ்வளவும்? உட்கார்ந்தபடியே ஒரு புடவையை விரித்துக் காட்டினேன். கல்யாணப் பெண்ணின் அத்தை முந்தானையைத் திருப்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

பிறகு எழுந்து இடம் விட்டேன். தமயந்தி உட்கார்ந்தாள். மெதுவாக, இரண்டு கையாலும் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அறைக்குப் போய்ச் சுழல் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து அடுத்த கவுண்டருக்குப் பின்னால் போட்டேன். அங்கே நின்ற பெண் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தேன்.

போன் அடித்தது. தீபாவளிக்கு அப்புறம் எனக்கு வேலை இருக்காது என்று தெரிந்துதான் எடுத்தேன்.

"என்னம்மா நடக்குது அங்க?" என்றார் முதலாளி.

"ஒண்ணும் நடக்கல முதலாளி," என்றேன். "உக்காந்திருக்கோம்."